செகண்ட்ஸ் கொடுக்காதீங்க பாஸ்!

திருப்பூர்க்காரங்களுக்கு 'செகண்ட்ஸ்'னா என்னன்னு விளக்கவே வேண்டாம். தையல் கோணல், சின்ன ஓட்டை, சாயக் கறை... எக்ஸ்போர்ட்டுக்குப் போக முடியாத பீஸ் எல்லாம் காதர்பேட்டையில மலிவா கிடைக்கும். வாங்கிப் போடுறதுல தப்பே இல்லை. ஆனா, யாருக்காவது கொடுக்கணும்னு வந்தா மட்டும் நம்ம கை ஏன் செகண்ட்ஸையே தேடுது? சாயம் போன சட்டை, மிஞ்சின சாதம், ஓடாத பத்து ரூபாய் நோட்டு. கேட்டா, "வேலை கிடைக்கட்டும் மச்சி, அள்ளி விடுறேன்"னு டயலாக் வேற!

சம்பளமே வாங்காத அம்மாக்கள் அள்ளிக் கொடுத்த கதை ஒண்ணு இருக்கு. 1910-ல மிசோரம் மலைகள்ல, பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஆரம்பிச்சது. பேரு 'புஃபாய் தாம்'. நம்ம பாஷையில பிடி அரிசி. கையில காசு கிடையாது, வீட்ல அரிசி உண்டு. உலை வைக்கிறப்போ எல்லாம் ஒரு பிடி எடுத்து தனியா போட்டுடுவாங்க. சேர்ந்ததை விற்று, அந்தக் காசு சபை ஊழியத்துக்கு. நூறு வருஷம் தாண்டியும் நடக்குது. இன்னிக்கு வருஷத்துக்குப் பல கோடி ரூபாய்! நம்ம திருநெல்வேலிச் சபைகள்லயும் கைப்பிடி அரிசி காணிக்கை உண்டு. அங்கிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள்ல பாட்டிகளைக் கேட்டுப் பாருங்க.

இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு கணக்கு. ஒரு பிடி 50 கிராம்னு வைங்க. தினம் ரெண்டு வேளைன்னா மாசம் 3 கிலோ. நூறு வீடு சேர்ந்தா 300 கிலோ. யாரும் பட்டினி கிடக்கலை!

விஷயம் அளவுல இல்லை, நேரத்துல இருக்கு. அது தின்னு மிஞ்சினது இல்லை, பானைக்குப் போகும் முன்னாடியே எடுத்தது. பைபிள் இதைத்தான் 'முதற்பலன்'னு சொல்லுது. விளைச்சல்ல முதல் பங்கு கடவுளுக்கு. மாற்கு 12-ஆம் அதிகாரத்துல ஓர் ஏழை விதவை ரெண்டே காசு போடுறாங்க. பணக்காரங்க நிறைய போட்டும், இயேசு பாராட்டினது அந்தம்மாவைத்தான். மத்தவங்க போட்டது மிச்சத்துல இருந்து, அந்தம்மா போட்டது பிழைப்பையே.

சரி, நாம என்ன பண்ணலாம்?

பார்ட் டைமா செக்கிங், பேக்கிங் போறீங்களா? சனிக்கிழமை சம்பளம் வந்ததும், சினிமாவுக்கு முன்னாடி அந்த 'ஒரு பிடி'யை எடுத்து வைங்க. இருபது ரூபாயா இருந்தாலும் சரி.

அரியர் வெச்சிருக்கிற நண்பனுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? தூக்கம் சொக்குற ராத்திரி பன்னிரண்டு மணி வேண்டாம். நீங்க ஃப்ரெஷ்ஷா இருக்கிற நேரத்துல ஒரு மணி நேரம் கொடுங்க.

கிறிஸ்துமஸுக்கோ தீபாவளிக்கோ துணி கொடுக்கிறீங்களா? பத்து பழசு வேண்டாம், புதுசு ஒண்ணு போதும்.

ஏன்னா, வாரம் பூரா ஃபர்ஸ்ட் குவாலிட்டி தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற அக்காக்கள் நிறைய பேர், தன் பிள்ளைக்கு வாங்குறது செகண்ட்ஸ்தான். அந்தப் பிள்ளைக்கு நாமளும் செகண்ட்ஸையே நீட்டணுமா?