மாண்டெல்லாவின் பாஷை

விஞ்ஞானக் கதை என்றதும் முகம் சுளிக்கிற நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஜோ ஹால்ட்மனின் 'தி ஃபாரெவர் வா'ரை (1974) 'ராக்கெட் சமாச்சாரம்' என்று படிக்காமலேயே ஒதுக்கினார்கள். அதன் சிப்பாய் மாண்டெல்லா பௌதிகம் படித்தவன். கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவன். வீரத்தில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. (ஹைன்லைனின் 1959 நாவலில் வரும் விறைப்பான பிரஜைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.) ஒளிவேகத்தை ஒட்டிய பயணம், அவனுக்குச் சில வருஷங்கள், பூமியில் ஆயிரத்துக்கும் மேல். கடைசியில் அவனுடைய சிப்பாய்களே அவனோடு பேச அவன் காலத்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. வியத்நாமில் காயம்பட்டுத் திரும்பியவர் ஹால்ட்மன். ஊர் திரும்பியவனின் அந்நியத்தன்மையைச் சொல்ல அவருக்கு ஐன்ஸ்டீன் தேவைப்பட்டார். உங்கள் யதார்த்தவாதம் இதை எப்படிச் சொல்லியிருக்கும்? பதில் எழுதுங்கள், நாவலைப் படித்துவிட்டு.