காரைக்குடி டூ குன்றக்குடி 27 நிமிஷத்துல! 10 கிமீ ரோடு ரேஸுக்கு ஆசிய சாம்பியன்ஷிப் ஏன் இல்லை?

காரைக்குடியில் இருந்து குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர். நின்னு நின்னு போற டவுன் பஸ்ஸுக்கே அரை மணி நேரம் பிடிக்கும். அந்த தூரத்தை உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் 27 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிறார்கள். டிராக்கில் இல்லை, நம்ம ஊர் மாதிரி தார் ரோட்டில்.

மாரத்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1 மைல், 5 கிமீ, 10 கிமீ என்று குறைந்த தூர சாலை ஓட்டங்கள்தான் இப்போது வேகமாக வளர்கின்றன. ஐரோப்பாவில் இதற்குத் தனி சாம்பியன்ஷிப் வந்துவிட்டது. ஆசியாவில் இல்லை. அதனால் சிவகங்கை, புதுக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்? பார்க்கலாம்.

*ரோடு ரேஸ் எப்போ 'சீரியஸ்' ஆச்சு?*

ரொம்ப நாளாக 5 கிமீ சாலை ஓட்டம் என்றால் ஏதோ விழிப்புணர்வு ஓட்டம், டி-ஷர்ட், வாழைப்பழம் என்ற அளவில்தான் இருந்தது. 2017-ல்தான் சர்வதேச தடகள சம்மேளனம் 5 கிமீ சாலை ஓட்டத்துக்கு உலக சாதனையை அங்கீகரிக்க முடிவெடுத்தது. 2021 டிசம்பர் 31-ம் தேதி பார்சிலோனாவில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரேகாவி 12 நிமிடம் 49 விநாடியில் ஓடினார். மூன்று வருஷம் கழித்து, அதே ஊரில் அதே டிசம்பர் 31-ல் கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 13 நிமிடம் 54 விநாடி. 14 நிமிடத்துக்குள் 5 கிமீ ஓடிய முதல் பெண் அவர்தான்.

2023 அக்டோபரில் லாட்வியாவின் ரிகா நகரில் முதல் உலக சாலை ஓட்ட சாம்பியன்ஷிப் நடந்தது. மைல், 5 கிமீ, அரை மாரத்தான் என மூன்று பிரிவு. அடுத்து 2025-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடக்க வேண்டியது ரத்தாகிப் போனது. ஆனால் அதே 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், லூவன் நகரங்களில் முதல் ஐரோப்பிய ஓட்ட சாம்பியன்ஷிப் நடந்தது. 10 கிமீ, அரை மாரத்தான், மாரத்தான் என்று மூன்றுமே சாலையில்.

ஐரோப்பாவுக்கு இது புதுசு இல்லை. டிராக்கில் ஓடும் 10,000 மீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு ஐரோப்பிய கோப்பையை 1997-ல் இருந்து ஆண்டுதோறும் நடத்தி வந்தவர்கள் அவர்கள். ஒரே தூரம், வருஷா வருஷம். அந்தப் பழக்கம்தான் முக்கியம்.

*ஜகார்த்தாவில் போன பதக்கம்*

காரைக்குடியில் இருந்து ஒரு மணி நேர பயணத்தில் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்துக்காரர் ஜி.லட்சுமணன். 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு அந்த இரட்டைத் தங்கத்தை எடுத்த இந்தியர் குல்வீர் சிங். அது 2025-ல், தென்கொரியாவின் குமியில்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். கொண்டாட்டம் முடிவதற்குள் பதக்கம் போய்விட்டது. முந்திச் செல்லும்போது இடது கால் டிராக்கின் உள்கோட்டைத் தாண்டி உள்ளே பட்டுவிட்டதாம். இந்தியத் தரப்பின் மேல்முறையீடும் எடுபடவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது.

ரோட்டில் விதியே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி தூரத்தைக் குறைத்தால் அங்கேயும் வெளியேற்றம்தான். ஆனால் 25 சுற்றிலும் உள்ளங்காலுக்குப் பக்கத்திலேயே வளைந்து வரும் அந்தக் கோடு ரோட்டில் கிடையாது.

இன்னொருவர், அதே மாவட்டத்தின் எல்.சூர்யா. 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். அடுத்த ஆண்டு டெல்லி அரை மாரத்தானில் 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் ஓடி இந்தியப் பெண்களில் முதலிடம். டிராக்கில் ஓடும் கால்கள் ரோட்டிலும் ஓடும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

*குன்றக்குடி ரோட்டில் சாதனை செல்லுமா?*

செல்லாது! சாதனை கணக்கில் வர, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்கோட்டு தூரம் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பின்காற்றின் உதவியில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. காரைக்குடியில் கிளம்பி குன்றக்குடியில் முடித்தால் காலி. 5 கிமீ போய்த் திரும்பி வந்தால் ஓகே.

இறக்கத்துக்கும் கணக்கு உண்டு. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம், 10 கிமீ-க்கு மொத்தம் 10 மீட்டருக்கு மேல் முடிவிடம் தாழ்ந்திருக்கக் கூடாது. ரோட்டை அளப்பது சைக்கிளில்தான், சக்கரத்தில் ஒரு சின்ன எண்ணி மாட்டி. அளவு குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவே வைப்பார்கள். நம்ம ஊர் ஜவுளிக்கடையில் முழம் போட்டு ரெண்டு விரல் சேர்த்துக் கிழிப்பது மாதிரி.

ஷூவும் கவனிக்க வேண்டிய விஷயம். சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டர் தடிமன் வரை போகலாம். 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசா, 50 மில்லிமீட்டர் ஷூ போட்டதற்காகவே தகுதி இழந்தார். கார்பன் தகடு வைத்த முன்னணி ஷூக்கள் இங்கே 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ரோட்டில் ஓட காசு வேணாம் என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான் உண்மை.

*ஓபன் ரேஸ் இருக்கே, போதாதா?*

பெங்களூருவில் 2008-ல் இருந்து உலக 10 கிமீ ஓட்டம் நடக்கிறது. 2022-ல் கென்யாவின் நிக்கோலஸ் கிமெலி அங்கே 27 நிமிடம் 38 விநாடியில் ஓடினார். இந்தியர்களுக்குத் தனிப் பரிசு உண்டு. அதில் ஜெயிப்பவர்கள் பெரும்பாலும் 29, 30 நிமிடங்களில் முடிக்கிறார்கள். பரிசுப் பணம் வரும், பேப்பரில் பெயர் வரும். ஆனால் அது நாட்டுக்காக வாங்கிய பதக்கம் ஆகாது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே எடுபடுவது அங்கீகரிக்கப்பட்ட சாம்பியன்ஷிப்களின் சான்றிதழ். ஊர் ஊராகப் போய் ஓபன் ரேஸில் வாங்கிக் குவித்த கோப்பைகள் வீட்டு ஷோகேஸில்தான் நிற்கும். 5 கிமீ, 10 கிமீ-யில் கண்ட அளவில் சாம்பியன்ஷிப் இருந்தால், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க தேசிய போட்டி வேண்டும், அதற்கு மாநிலப் போட்டி வேண்டும். படிக்கட்டு தானாகக் கீழே இறங்கி வரும். விடியற்காலையில் போலீஸ் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க ரோட்டில் ஓடும் பையன்களில் சிலராவது அதில் கால் வைப்பார்கள்.

*ஜப்பான், பஹ்ரைனை மீறி ஜெயிக்க முடியுமா?*

கஷ்டம்தான். 1920-ல் தொடங்கிய ஹகோனே எகிடென் என்ற கல்லூரி அஞ்சல் ஓட்டத்தை ஜப்பானில் புத்தாண்டு விடுமுறையில் நாடே டிவி முன் உட்கார்ந்து பார்க்கிறது. 10 பேர், சுமார் 217 கிமீ, எல்லாம் ரோட்டில். பஹ்ரைன் வழி வேறு. அவர்களுக்காக ஓடிய ஆபிரகாம் செரோபென் பிறந்தது கென்யாவில். 2018 உலக அரை மாரத்தானில் வெள்ளி வாங்கியவர். இப்போது நாடு மாற 3 ஆண்டு காத்திருப்பு, 20 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதிகள் வந்துவிட்டன.

இன்னொரு பக்கம் பாருங்க. ஓபன் ரேஸில் கென்யாவில் இருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வைப்பார்கள். 2024 ஜனவரியில் ஆசிய மாரத்தான் தங்கத்தை வென்றவர் இந்தியாவின் மான் சிங். நேரம் 2 மணி 14 நிமிடம் 19 விநாடி. உலக அளவில் சாதாரண நேரம், ஆசியாவில் அன்று அதுதான் தங்கம்.

அந்த ஆசிய மாரத்தானுக்கென்று தனியாக ரோட்டை அடைக்கவில்லை. ஹாங்காங் மாரத்தானோடு சேர்த்தே நடத்திவிட்டார்கள். பெங்களூரு 10 கிமீ-யிலும் இதையே செய்யலாம். ரோடு, போலீஸ், டைமிங் சிப், டிவி எல்லாம் ஏற்கெனவே இருக்கு. கூடுதலாகத் தேவைப்படுவது ஆசிய சம்மேளனத்தின் ஒப்புதலும், நாட்டு அணிகளுக்கான பயணச் செலவும்தான்.

அடுத்த உலக சாலை ஓட்ட சாம்பியன்ஷிப்புக்குக் குறித்திருக்கும் இடம் டென்மார்க்கின் கோபன்ஹேகன், 2026 செப்டம்பர். அதில் மைல், 5 கிமீ, அரை மாரத்தான் உண்டு. பெங்களூருவில் நம்மவர்கள் வருஷா வருஷம் ஓடும் 10 கிமீ அங்கேயும் இல்லை.