உரச்சாக்கில் வந்த தீவு

குருணில் இருப்பவர்களுக்கு உரம் புதிதல்ல. பெட்ரோனாஸ் உர ஆலை நம் ஊரில்தான் இருக்கிறது. இயற்கை எரிவாயுவையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் கொண்டு அங்கே யூரியா செய்கிறார்கள். ஆனால் பயிருக்கு நைட்ரஜன் மட்டும் போதாது, பாஸ்பரஸும் வேண்டும். அதைக் காற்றிலிருந்து எடுக்க வழியில்லை. எங்கோ ஓரிடத்தில் பாறையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அந்த 'எங்கோ' எது என்று தோட்டத்தில் உரம் போட்ட நம் அம்மாக்களையும் பாட்டிகளையும் கேட்டால் 'சி.ஐ.ஆர்.பி.' என்பார்கள். கன்று நடும் குழியில் போடும் தூள் அது. புதுக் கித்தாக் கன்றுக்கும் செம்பனைக் கன்றுக்கும் அதைத்தான் போட்டார்கள். நம் மண் புளிப்பு மண் என்பதால் அரைத்த பாறைத்தூளே அதில் மெல்லக் கரைந்து வேருக்குப் போய்ச் சேரும். சி.ஐ.ஆர்.பி. என்பது 'கிறிஸ்மஸ் ஐலண்ட் ராக் பாஸ்பேட்' என்பதன் சுருக்கம். மலேசியத் தோட்டங்களில் தினமும் புழங்கிய ஒரு தீவின் பெயர் அது. ஆனால் அந்தத் தீவு எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், அவர்களை ஆள்வது யார் என்று நம் வகுப்பறைகளில் பேசிக் கேட்டதில்லை. புவியியல் என்றால் தலைநகர், கொடி, விளைபொருள் என்று மனனம் செய்து தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருகிறோம். அது போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் தீவு இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பரப்பளவு 135 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் 1,692 பேர். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய இடைநிலைப்பள்ளியில் அத்தனை மாணவர்கள் இருப்பார்கள். தீவு ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். ஆனால் பெர்த் நகரம் அங்கிருந்து 2,600 கிலோமீட்டர், தலைநகர் கன்பராவோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். கோலாலம்பூருக்கு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர்தான். குருணே பெர்த்தைவிட அதற்குப் பக்கம்.

1643-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் மைனர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர் அவ்வழியே போனார். தீவுக்குப் பெயர் அப்படி வந்தது. அங்கே குடிகள் கிடையாது. 1888-இல் பிரிட்டன் தனதென்று அறிவித்ததற்குக் காரணம் பாஸ்பேட் பாறைதான். பிறகு கம்பெனி வந்தது, கூலிகள் வந்தார்கள். சீனாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். காவலுக்குச் சீக்கியர்கள். முதல் சில ஆண்டுகளில் பெரிபெரி நோயால் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இந்தக் கதை நமக்குத் தெரிந்த கதைதான். ஆட்களும் கப்பலும் வேறு, அவ்வளவே.

குடியிருப்பு அமைப்பைக் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும். கடலோரத்தில் வெள்ளைக்காரர்களின் 'செட்டில்மெண்ட்', மலாய்க்காரர்களுக்குக் கம்போங், சீனர்களுக்கு 'பூன் சான்'. பூன் சான் என்றால் கண்டோனிய மொழியில் பாதி மலை என்று பொருள். நம் தோட்டங்களில் மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே லயம். ஒரே காலத்து முதலாளிகளின் கைவரிசை இரண்டும்.

1900 முதல் அந்தத் தீவு சிங்கப்பூர் நிர்வாகத்தின் கீழ் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் இருந்தன என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோமே, அந்தப் பட்டியலின் ஓரத்தில் இதுவும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1948-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் சுரங்கக் கம்பெனியை வாங்கின. மலாயா சுதந்திரம் பெற்ற கையோடு, 1958 அக்டோபர் 1-இல், தீவையே பிரிட்டன் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. சிங்கப்பூருக்கு இழப்பீடாக 29 லட்சம் பவுன் கொடுக்கப்பட்டது. தீவில் உழைத்துக்கொண்டிருந்தவர்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஒரு தோட்டத்தை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்கும்போது லயத்தில் இருப்பவர்களை யார் கேட்கிறார்கள்?

தீவு ஆஸ்திரேலியாவுக்குப் போனதே தவிர, மனிதர்கள் எளிதில் ஆஸ்திரேலியர்கள் ஆகிவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் தீவைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரே சுரங்கத்தில் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், ஆசியருக்கு வேறு சம்பளம். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் உழைத்துவிட்டுச் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தாத்தாக்களை அறிந்தவர்கள் நாம். வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தையும் அறிவோம். எனவே இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

மாற்றம் கன்பராவிலிருந்து தானாக வரவில்லை. 1975-இல் கிறிஸ்துமஸ் தீவுத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1979-இல் அதன் ஆட்கள் கன்பராவுக்கே போய், நாடாளுமன்றத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்தார்கள். சங்கத்தை நடத்திய கோர்டன் பென்னட் ஒரு வெள்ளைக்காரர்தான். ஆனால் சீனத் தொழிலாளர்கள் அவரைத் 'தாய் கோ', அதாவது பெரியண்ணன் என்று அழைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது, குடியுரிமைக்குக் கதவு திறந்தது. 1984-இல் வாக்குரிமையும் சமூகநல உதவிகளும் தீவுக்கு நீட்டிக்கப்பட்டன. 1987-இல் அரசு சுரங்கத்தை மூடியபோது கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். தொழிலாளர்களோ தங்கள் பணத்தைப் போட்டு ஒரு நிறுவனத்தை அமைத்து, 1990-இல் சுரங்கத்தைக் கையில் எடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் குழுமம் பிற்காலத்தில் பகாங்கில் செம்பனைத் தோட்டம்கூட வாங்கியது!

இதைப் படிக்கும்போது துன் வீ.தி.சம்பந்தன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்களிடமிருந்தே சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். கிறிஸ்துமஸ் தீவுக்காரர்கள் செய்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே நம்மவர்கள் செய்து காட்டிய வேலை இது. ஆனாலும் கெடா மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

இனி ஆட்சிமுறைக்கு வருவோம். 'ஆட்சிப்பகுதி' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பது இங்கேதான் விளங்கும். கிறிஸ்துமஸ் தீவு ஒரு மாநிலமல்ல, எந்த மாநிலத்தைச் சேர்ந்ததும் அல்ல. கன்பரா நியமிக்கும் நிர்வாகி ஒருவர் இருக்கிறார். 1992 முதல் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள் தீவில் நடைமுறையில் உள்ளன. ஆனால் அந்தச் சட்டங்களை இயற்றும் பெர்த் சட்டமன்றத்துக்குத் தீவு மக்கள் வாக்களிக்க முடியாது. மத்திய நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களிக்கலாம், அதுவும் வடக்கு ஆட்சிப்பகுதியின் லிங்கியாரி தொகுதியில். அந்தத் தொகுதியின் பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் இந்தச் சிறு தீவின் வாக்குகளுக்கு எடை என்னவென்று நீங்களே கணக்கிடலாம்.

பசிபிக்கில் உள்ள நார்ஃபோக் தீவின் அனுபவம் இன்னும் கசப்பானது. பிட்கெய்ர்ன் தீவிலிருந்து 1856-இல் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இடம் அது. 1979 முதல் அவர்களுக்குச் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. கடனும் நிர்வாகத் தடுமாற்றமும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. 2015-இல் தீவில் நடந்த வாக்கெடுப்பில், எங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று 68 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே ஆண்டு கன்பரா அந்தச் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டது. சிறிய ஊர்தானே, பெரிய இடத்திலிருந்து நன்றாக நடத்துவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சாலை நன்றாகப் போடுவார்கள், இருக்கலாம். சாலை எங்கே வேண்டும் என்று கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

2001-இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆகஸ்டில் மூழ்கும் படகிலிருந்து 433 அகதிகளைக் காப்பாற்றிய நார்வே நாட்டுக் கப்பல் 'டாம்பா' கிறிஸ்துமஸ் தீவை நோக்கி வந்தது. அவர்களைக் கரையேற்ற ஆஸ்திரேலியா மறுத்தது. பலர் நவ்ரு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதமே ஒரு சட்டம் வந்தது: படகில் வந்து அடைக்கலம் கேட்பவர்களைப் பொறுத்தவரை கிறிஸ்துமஸ் தீவு ஆஸ்திரேலியக் குடிநுழைவு எல்லைக்குள் சேராது. பாறை வெட்டுவதற்கு ஆஸ்திரேலிய மண், அகதி கால் வைத்தால் ஆஸ்திரேலிய மண் அல்ல.

நவ்ருவின் பெயர் வந்ததும் தற்செயலல்ல. 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்தப் பசிபிக் தீவிலும் பாஸ்பேட்தான். அதையும் கிறிஸ்துமஸ் தீவையும் தோண்டியது ஒரே பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம். இன்னொரு தீவான பனாபாவின் மக்களை 1945-இல் ஃபிஜியின் ராபி தீவுக்கே இடம்பெயர்த்தார்கள். நவ்ரு 1968-இல் சுதந்திரம் பெற்றது. 1989-இல் அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டு, 1993-இல் இழப்பீடும் பெற்றது. ஆனாலும் நடுத்தீவு கூரிய சுண்ணாம்புப் பாறைகளாக நிற்கிறது. பாஸ்பேட் தீர்ந்ததும் தடுப்பு முகாமே அதற்கு வருமானம் ஆனது. தோண்டிய தீவுகளையே பிறகு அடைக்கும் இடங்களாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்படி அடைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இலங்கையிலிருந்து படகில் வந்து, குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீடு புகுந்து அழைத்துப் போனார்கள். 2019 ஆகஸ்டு முதல் கிறிஸ்துமஸ் தீவு முகாமில் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். சின்னவளுக்கு நோய் முற்றி 2021 ஜூனில் விமானத்தில் பெர்த்துக்குக் கொண்டுபோன பிறகே அந்தத் தீவு வாழ்க்கை முடிந்தது. பிலோயலா மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர வசிப்புரிமையும் கிடைத்தது. இந்தச் செய்தியைப் படித்து வருந்திய நம்மில் பலருக்கு, நம் கித்தா மரத்துக்கு உரம் தந்த தீவுதான் அது என்று தோன்றவே இல்லை.

தீவில் அழகும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு நிலம் தேசியப் பூங்கா. முதல் மழை விழுந்ததும் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடக்கும். அவற்றுக்காகச் சாலையை மூடுவார்கள், பாலம்கூடக் கட்டியிருக்கிறார்கள். யூடியூப்பில் தேடினால் கிடைக்கும். பார்த்துவிட்டு மேலே சொன்னவற்றையும் தேடுங்கள்.

நம் நாட்டிலும் ஒரு தீவு ஆட்சிப்பகுதி உண்டு. 92 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள லாபுவான், 1984-இல் சபாவிடமிருந்து பெறப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், சட்டமன்றம் இல்லை. அங்கிருந்து வரும் நண்பர் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள், புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார்.

ஆனால் கிறிஸ்துமஸ் தீவுக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் முன் ஒன்று. 1,692 பேர் வாழும் அந்தத் தீவில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு எல்லாம் நியமனம்தான். குருண், சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. சந்தையில் வடிகால் அடைத்துக்கொண்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அங்கேதான் புகார் போக வேண்டும். அங்கே நமக்காக அமர்ந்திருக்கும் உறுப்பினர் யார், அவரை நியமித்தது யார் என்று இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.