ரிட்ஜ் காட்டில் எதை அளக்கிறோம்?

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லி மாநகருக்குள் வந்து முடிகிறது. ‘ரிட்ஜ்’ என வழங்கும் அக்காட்டின் பெரும்பகுதியை, பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட விலாயதி கீகர் மூடியிருக்கிறது. தமிழகம் நன்கறிந்த சீமைக்கருவேலமே அது. அதனிடையே வன்னியும் வெள்வேலும் புரசும் ஒடுங்கி நிற்கின்றன. கீகரை அகற்ற வேண்டும் என்போரும், வெப்பமும் புழுதியும் மிகுந்த நகரில் இருக்கும் பசுமையையும் இழக்கலாகாது என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இரு தரப்பும் முன்வைப்பது பெரும்பாலும் எண்ணிக்கையே: வெட்டியவை எத்தனை, நட்டவை எத்தனை. எஞ்சிய மரம் அதனால் எவ்வளவு வளர்ந்தது என்பது கேட்கப்படுவதில்லை.

அதைக் கேட்க வனவியலில் கருவி உண்டு. 1974இல் ஹெகி வகுத்த போட்டிக் குறியீடு, அண்டை மரத்தின் விட்டத்தை ஆய்வு மரத்தின் விட்டத்தால் வகுத்து, மீண்டும் இடைத்தொலைவால் வகுத்து, எல்லா அண்டை மரங்களுக்கும் கூட்டுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள வன்னிக்கு 2 மீட்டர் தொலைவில் 20 செ.மீ. கீகர் நின்றால், அதன் பங்கு 1. நான்கு மீட்டரில் நின்றால் 0.5.

ஆனால் கலப்புக் காட்டில் இக்கருவியை அப்படியே கையாளுதல் பிழை. கீகரின் இடத்தில் அதே பருமனுள்ள வெள்வேல் நின்றாலும் குறியீடு மாறாது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு போன்றோர் பரிந்துரைத்த முறையில் கீகர் அடியோடு வெட்டப்படுவதில்லை. கிளைகளைக் கழித்து ஒளிக்கு வழிவிடப்படுகிறது. அடிமரம் நிற்பதால் குறியீடு அசையாது. ஒளியோ பன்மடங்கு கூடியிருக்கும். மாறாக, அடியோடு வெட்டினால் குறியீட்டில் அதன் பங்கு சுழியாகும். ஆயினும் அடிக்கட்டை துளிர்க்கும், வேர் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். முன்னதில் நன்மை மறைகிறது. பின்னதில் தீமை மறைகிறது.

மழையும் ஏமாற்றும். தில்லியில் மர வளர்ச்சி பெரிதும் பருவமழையைச் சார்ந்தது. நல்ல மழை பெய்த ஆண்டின் பருமனைக் கலைத்தலின் பயனென்று எழுதிவிடுவது எளிது. ஆகவே கலைக்கும் முன்பே அளவீடு தொடங்கவேண்டும். கலைக்காத ஒப்பீட்டுத் திட்டு அருகிலேயே இருக்கவேண்டும். விட்டத்துடன் விதான ஒளியும் மண் ஈரமும், துளிர்த்த தண்டுகளும் பதிவாகவேண்டும். அளவுப்பட்டை கட்டிய மரங்களைப் பல பருவமழைகளுக்குத் தொடர வேண்டும்.

இதற்குக் காலம் பிடிக்கும் என்பது மெய். ஆனால் வெட்டிய மரத்தை மீண்டும் நிறுத்தி அளக்க இயலாது. முன்னளவீடும் ஒப்பீட்டுத் திட்டும் இல்லாத கலைத்தலுக்கு ‘மீளுருவாக்கம்’ என்னும் பெயரைச் சூட்ட ஆய்வுலகம் உடன்படலாகாது. சீமைக்கருவேலத்தோடு போராடும் தமிழகத்துக்கும் இது பொருந்தும்.