பிரிவு எண்களின் ஞாபகம் சட்டஞானம் ஆகாது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகி, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டு, முதல் வகுப்பு தொடங்கும் நாளை எதிர்நோக்கிச் சில மாதங்கள் வீட்டிலிருக்கும் மாணவனுக்கு, ராதாபுரம் வட்டாரத்தில் உற்றாரும் ஊராரும் வழங்கும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "செக்‌ஷனையெல்லாம் இப்பமே மனப்பாடம் பண்ணிரு, காலேஜ்ல போயிச் சிரமப்பட வேண்டாம்." தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை கறுப்பு அங்கி அணியப்போகிறது என்ற பெருமிதத்தில் பிறந்த அந்தச் சொற்களின் அன்பை நான் குறைகூற மாட்டேன். ஆனால், சட்டஞானம் என்பது பிரிவு எண்களின் ஞாபகமே என்ற அவற்றின் அடிப்படை அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது. வாழ்வில் மறுபடி எளிதில் வாய்க்காத ஓய்வுக் காலத்தை அது விழுங்கிவிடுவதால் தீமையானதும்கூட.

2024 ஜூலை 1ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். 1860இல் இயற்றப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வக்கீல் குமாஸ்தாக்களின் நாவிலும் நடமாடிவந்த இந்திய தண்டனைச் சட்டம் அன்று பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடங்கொடுத்து விலகியது. கொலைக்குத் தண்டனை கூறிய 302 என்ற எண் 103 ஆயிற்று. மோசடிக்கு மறுபெயராகவே வழங்கிய 420 என்ற எண்ணின் இடத்தில் 318 வந்து நின்றது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துமாதலால், இன்று வழக்காடுகிறவர்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். வஞ்சிக்கும் எண்ணம் எப்போது உண்டாயிற்று, பொய்யை நம்பி எவன் எதை ஒப்படைத்தான் என்று குற்றத்தின் அங்கங்களைப் பகுத்தறிந்தவனுக்கு இந்த மாற்றத்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எண்ணை மட்டும் உருப்போட்டவனுக்கோ, உழைப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் பயனற்றுப்போயிற்று.

இன்னும் நெருங்கிய சாட்சியம் நம் தொகுதியிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் திரு. இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் திரு. அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டதும், அதை எதிர்த்துத் தேர்தல் வழக்கு எழுந்ததும் நாடறிந்த செய்தி. அந்த வழக்கின் உயிர்நிலையாக இருந்த சர்ச்சை எது? நிராகரிக்கப்பட்ட 203 தபால் வாக்குகளோடு வந்த உறுதிமொழிப் படிவங்களில் சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர், அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரா, அல்லரா என்பதே. தேர்தல் பணிக்குச் சென்ற ஊழியர் ஒருவர் தம் வாக்கை உறையிலிட்டு, தமக்குத் தெரிந்த தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கிய அந்தச் சிறு செயலின்மேல், ஒரு தொகுதியின் பிரதிநிதி யார் என்ற பெருங்கேள்வியே நின்றது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தபால் வாக்குகளையும், கடைசி மூன்று சுற்றுகளின் வாக்குகளையும் மறுபடி எண்ணும்படி உத்தரவிட்டது. எண்ணிக்கை நடந்தபோது, அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் விசாரணை அன்று. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதியைச் சொல் சொல்லாக வாசித்து, அதை ஒரு படிவத்தின் அடியிலிருந்த கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையே அந்த வழக்கின் இருதரப்பு வக்கீல்களுக்கும் வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை எந்தக் கைடு புத்தகமும் விலைக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் அந்த மாதங்களில் மாணவன் எதை வாசிப்பது? தன் வீட்டு அலமாரியிலிருக்கும் மூலப்பத்திரத்தை வாசிக்கட்டும். தேரிமண்ணில் தாத்தா கிரயம் வாங்கிய பனைவிளையின் பத்திரமாக இருந்தாலும் சரி, சகோதரர்கள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையாக இருந்தாலும் சரி, முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கக்கணக்கில் நீண்டுசெல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்து, எழுதிக்கொடுத்தவர் யார், அவருக்கு அந்தச் சொத்தில் பாத்தியம் எப்படி வந்தது, கிரயத்தொகை எவ்விதம் செலுத்தப்பட்டது, நான்கெல்லையில் குறித்த பாதை இன்றும் இருக்கிறதா என்று தனித்தனியே எழுதிப் பார்க்கட்டும். பத்திரத்தில் கண்ட விஸ்தீரணத்தையும் பட்டாவில் கண்டதையும் ஒப்பிட்டு, வித்தியாசமிருந்தால் காரணம் தேடட்டும். பாகப்பிரிவினையில் அத்தைமார் பெயர் ஏன் இல்லை என்று அவன் ஒருநாள் கேட்பானேயானால், 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பெண்மக்களின் உரிமைக்காகச் செய்த திருத்தங்களை அவன் தானாகவே தேடிச் செல்வான். அப்படித் தேடிக் கண்ட சட்டம் ஆயுள் முழுவதும் மறக்காது.

காற்றாலைக்கு நிலம் கொடுத்தவர்களின் ஒப்பந்தங்கள் நம் ஊர்களில் அநேகம் உண்டு; அனுமதி பெற்று அவற்றில் ஒன்றையும் பார்க்கலாம். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் திறக்கும் அரசாணை, 17,000 ஏக்கர் பாசனத்தைப் பற்றியது. அதில் நீர் இருப்பைப் பொறுத்து என்ற நிபந்தனை எங்கே நிற்கிறது, அந்த நிபந்தனையால் கடைமடை விவசாயிக்குக் கிடைப்பது உரிமையா, வெறும் எதிர்பார்ப்பா என்று யோசிப்பது, ஒப்பந்தச் சட்டத்தின் நூறு பக்கங்களை அர்த்தமறியாமல் ஒப்பிப்பதைக்காட்டிலும் மேலான பயிற்சியாகும். சற்றே துணிந்தவர்கள், கூடங்குளம் அணுமின் நிலையம் குறித்து 2013 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் கையிலெடுக்கலாம். முழுவதும் புரியாது, புரிய வேண்டியதுமில்லை. மனுதாரர் கேட்டது என்ன, அரசு சொன்ன பதில் என்ன, நீதிமன்றம் எதை ஏற்றது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதத் தெரிந்தவன், முதலாண்டுப் பாடத்துக்கு வேண்டிய பக்குவத்தைப் பெற்றுவிட்டான்.

ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அதற்கு வேண்டியது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் ஒரு பக்கம் வாசிப்பது. நுனிநாக்கில் உரையாடப் பழக்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவது அன்று. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில்தான் பேசுகிறார். 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்ட முன்சீப் வேதநாயகம் பிள்ளை, இரு மொழியிலும் நிதானமாக வாசிக்கத் தெரிந்தவராக இருந்தமையால்தான் அதைச் சாதித்தார்.

நகரத்துப் பிள்ளைகள் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள், நம் பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கிராமத்துப் பள்ளியிலிருந்து செல்லுகிற பிள்ளைகளின் நெஞ்சில் அந்த அச்சம் எவ்வளவு ஆழமாகத் தைக்கிறது என்பதை அறிவேன். ஆயினும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கான இடம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. இடம் பெற்றபின் ஓட வேண்டிய பந்தயம் ஏதுமில்லை. பிரிவுகளைக் கற்பிக்கக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. நிதானமாக வாசிக்கவும், கேட்டதைக் கேட்டபடி எழுதவும் கற்பிக்கத் தனியாக ஒரு பாடவேளை அங்கே இல்லை.

ஆகவே பெற்றோர்களே, கைடு வாங்க எடுத்துவைத்த பணத்தை ஒரு நல்ல அகராதிக்குச் செலவிடுங்கள். வீட்டுப் பத்திரங்களைப் பிள்ளையிடம் நம்பிக் கொடுங்கள். வள்ளியூரிலோ நான்குநேரியிலோ நீதிமன்றம் நடக்கிற நாளில் ஒருமுறை அழைத்துப்போய், பின்வரிசையில் உட்கார்ந்து விசாரணையைக் கேட்கச் செய்யுங்கள்.