மாக்பெத்துக்கு முப்பத்துநான்கு மதிப்பெண்

இலண்டன் புறநகரில் வசிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, நம்மில் ஒருவரின் அக்காள் மகள், ஒரு குளிர்காலம் முழுவதும் ‘மாக்பெத்’ படித்தாள். படித்தாள் என்பதைவிட மனனம் செய்தாள் என்பதே பொருந்தும். அவள் மேசைமீது அறுபதுக்கும் மேற்பட்ட குறிப்பு அட்டைகள் இருந்தன. ஒருபுறம் நாடகத்திலிருந்து பிய்த்தெடுத்த நான்கைந்து சொற்கள். மறுபுறம் அவை எந்தத் தலைப்புக்குப் பயன்படும் என்ற விவரம்: பேராசை, குற்றவுணர்வு, அரசுரிமை, மாயசக்தி. மாக்பெத் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் ஒரே மூச்சில் விடை வந்தது: பேராசை என்னும் குணக்குறையினால் வீழ்ந்த மாவீரன். கோனார் உரையோடு வளர்ந்த நமக்கு இந்த ஓசை நன்கு பழக்கமானதுதான். ஷேக்ஸ்பியர் பிறந்த நாட்டிலும் அதே ஓசை கேட்கிறதே என்பதில்தான் நமக்கு அதிர்ச்சி.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியத் தேர்வில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்று கட்டாயம். 2015இல் கற்பிக்கத் தொடங்கி 2017இல் முதன்முதலாக நடத்தப்பட்ட புதிய முறையின்படி, தேர்வறைக்குள் நூலைக் கொண்டுசெல்லக் கூடாது. பெரும்பாலான பள்ளிகள் சார்ந்திருக்கும் வாரியத்தின் வினாத்தாளில் நாடகத்தின் ஒரு சிறு பகுதி அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து தொடங்கி முழு நாடகத்தையும் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரத் தேர்வில் பாதி இதற்கு, மறுபாதி பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலுக்கு. நாடகக் கட்டுரைக்கு முப்பத்துநான்கு மதிப்பெண். அதில் நான்கு எழுத்துப்பிழையின்றி எழுதுவதற்கு.

இம்முறையைக் கண்டிப்பவர்கள் வழக்கமாக மனப்பாடத்தைத்தான் சாடுவார்கள். நாம் அந்த அணியில் சேர விரும்பவில்லை. மனப்பாடம் இழிவானதன்று; செய்யுளை நெஞ்சில் இருத்தி வளர்ந்த மொழிக்காரர்கள் நாம். கொலை செய்யப் புறப்படும் இரவில் மாக்பெத் காற்றில் ஒரு குத்துவாளைக் கண்டு பேசும் நீண்ட தனிமொழியை ஒரு பிள்ளை முழுவதும் மனனம் செய்தால், அதன் தயக்கமும் மூச்சுத்திணறலும் அப்பிள்ளையின் உடம்பில் ஏறிவிடும். ஆனால் வகுப்பறை கேட்பது முழுப்பேச்சையன்று, நான்கு சொற்களை. நான்கு சொற்களில் மூச்சு ஏது?

நமது குற்றச்சாட்டு வேறு. இந்த நாடகம் எழுப்பக்கூடிய அச்சத்திலிருந்து மாணவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே இரண்டு கருவிகளை வகுப்பறை கையில் வைத்திருக்கிறது என்கிறோம்.

முதற்கருவி ‘குணக்குறை’. அரிஸ்டாட்டில் சொன்னார் என்று ஆசிரியர் கரும்பலகையில் ‘ஹமார்ட்டியா’ என எழுதுகிறார். கிரேக்கத்தில் அச்சொல் இலக்குத் தவறுதலை, பிழைபடுதலைக் குறிப்பது. தான் யாரென்று அறியாமல் தந்தையைக் கொன்ற ஈடிபஸ் செய்தது பிழை. அதைப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட குணக்கேடாக மாற்றியது பிற்கால நீதிபோதகர்களின் கைவண்ணம். அது கிடக்கட்டும். ‘கவிதையியல்’ நூலின் பதின்மூன்றாம் இயலை ஆசிரியர் முழுவதும் படித்திருந்தால் இன்னும் பெரிய சிக்கல் ஒன்று அங்கே காத்திருப்பதைக் கண்டிருப்பார். முழுத் தீயவன் ஒருவன் வீழ்வது இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது என்கிறார் அரிஸ்டாட்டில். மாக்பெத்தோ தெரிந்தே செய்கிறான். விருந்தாளியாக வந்த அரசனை, உறவினனை, உறங்கும் கிழவனைக் கொல்கிறான். அது கொடுமை என்பதைக் கொலைக்கு முன்பே நம்மைவிடத் தெளிவாக அவனே எடுத்துச் சொல்கிறான். அரிஸ்டாட்டிலின் கணக்குப்படி இந்நாடகம் தோற்றிருக்கவேண்டும். நானூறு ஆண்டுகளாகத் தோற்கவில்லையே, ஏன்? வகுப்பில் எழவேண்டிய வினா இதுதான். ‘பேராசை’ என்று ஒரு சீட்டை ஒட்டியதும் வினா அங்கேயே செத்துவிடுகிறது. பேராசை அவனுடையது; நமக்கில்லை; அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

அந்தப் பெண் இவ்வினாவைத் தானாகவே கண்டடைந்தாள் என்பதுதான் நம்மை இதை எழுதவைத்தது. “மாமா, கொலை முடிந்தபின் கதவு தட்டும் சத்தம் கேட்கிறதே, அப்போது அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அது தப்பா?” என்று கேட்டாள். வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி, ஆனால் கட்டுரையில் எழுதிவிடாதே என்று விடை கிடைத்ததாம்.

இதே கதவு தட்டும் ஓசை சிறுவயதிலிருந்தே தன்னைக் குழப்பிவந்ததாக எழுதியவர் தாமஸ் டி க்வின்சி. காரணம் புரியாவிட்டாலும் தன் உணர்வை அவர் தள்ளிவிடவில்லை. அறிவு ஒன்று சொல்ல உணர்வு வேறொன்று சொன்னால் உணர்வையே நம்புங்கள் என்று வாதிட்டார். 1823இல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஷேக்ஸ்பியர் விமரிசனத்தில் இன்றளவும் மதிக்கப்படுகிறது. கவிஞன் நம்மைக் கொலைகாரனின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறான், கொல்லப்படுபவனின் பக்கத்தில் அன்று, என்பது அவர் கண்ட விடை. அந்த நேரத்தில் உலகமே நின்றுபோகிறது. கதவு தட்டப்படும்போதுதான் மனித வாழ்க்கை மீண்டும் நகரத் தொடங்குகிறது, நின்றிருந்தது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. ஒரு சிறுவனின் குழப்பம் அன்று கட்டுரையாயிற்று. இன்று அதே குழப்பத்துக்கு மதிப்பெண் அட்டவணையில் கட்டம் இல்லை.

இரண்டாம் கருவி ‘காலப்பின்னணி’. இதற்குத் தனியே மதிப்பெண் உண்டு. ஆகவே கட்டுரைக்குக் கட்டுரை ஜேம்ஸ் மன்னர் வந்துவிடுகிறார். 1597இல் பேய்பிசாசுகளைப் பற்றி நூல் எழுதியவர், 1605இல் வெடிமருந்துச் சதியிலிருந்து தப்பியவர். இவையெல்லாம் உண்மை, அறியவேண்டியவையும்கூட. ஆனால் இவற்றைக்கொண்டு பிள்ளைகள் செய்யப் பழக்கப்படுவது ஒன்றுதான்: ‘அக்காலப் பார்வையாளர்கள் இதைக் கண்டு நடுங்கியிருப்பார்கள்’ என்று எழுதுவது. நடுங்கியவர்கள் அக்காலத்தவர். எழுதும் பிள்ளை நடுங்கவில்லை, நடுங்கத் தேவையுமில்லை. வரலாறு இங்கே பயப்படும் வேலையைச் செத்துப்போனவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாகிவிட்டது.

ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை என்பார்கள், ஓரளவு ஒப்புக்கொள்கிறோம். 2008 வரை அங்கே பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட சில காட்சிகளிலிருந்து ஷேக்ஸ்பியர் தேர்வு நடத்தப்பட்டது. அதே 2008இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, எழுந்து நின்று நடித்துப் படியுங்கள், மேடையில் நேரில் பாருங்கள், இளமையிலேயே தொடங்குங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. அச்சொல்லைக் கேட்டுத் தம் வகுப்பறை நாற்காலிகளை ஓரங்கட்டிய ஆசிரியர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறோம். நம் பம்மல் சம்பந்த முதலியாரும் மேடை வழியாக ஷேக்ஸ்பியரிடம் போனவர்தான். இந்நாடகத்தை அவர் ‘மகபதி’ என்று தமிழாக்கினார். நடிகனின் வாயில் நிற்கவேண்டிய பேச்சைக் ‘குணக்குறை’ என்று சுருக்கிவிட்டுப் போக அவருக்கு வழியில்லை.

ஷேக்ஸ்பியர் கடினம், இக்காலப் பிள்ளைகளுக்கு ஒட்டாது, ஆகவே எடுத்துவிடலாம் என்போருக்கும் நாம் துணையல்லர். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மிகக் குறுகியது இது. உரக்கப் படித்தால் சில மணி நேரம். கடினமாக்குவது மொழியன்று, அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் பாதுகாப்பு வேலி.

அப்படியானால் கொலைகாரனோடு பிள்ளைகளை ஒன்றச்செய்வதா என்று கேட்கப்படும். ஷேக்ஸ்பியர் அதற்கும் கணக்குத் தீர்த்துவைத்திருக்கிறார், நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில். மக்டஃபின் வீடு. கணவன் சொல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். தாய் தன் மகனிடம், உன் அப்பா செத்துவிட்டார், இனி என்ன செய்வாய் என்று பாதி விளையாட்டாகவும் பாதிக் கோபத்தோடும் கேட்கிறாள். அவன் துடுக்காக விடை சொல்கிறான். பறவைகள் பிழைப்பதுபோலப் பிழைப்பேன் என்கிறான். உலகத்தில் நல்லவர்களைவிடப் பொய்யர்கள்தான் அதிகம் என்று கண்டுபிடிக்கிறான். தாய் தன்னை மறந்து மகிழும் நேரத்தில் கொலையாளிகள் நுழைகிறார்கள். டங்கன் கொல்லப்படுவதைத் திரைக்குப் பின்னால் வைத்த ஷேக்ஸ்பியர், பெயர்கூட இல்லாத இந்தச் சிறுவன் கொல்லப்படுவதை நம் கண்முன் வைக்கிறார். இரண்டாம் அங்கத்தில் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று விரும்பியவர்கள்தாம் இங்கே உட்கார்ந்து பார்க்கவேண்டும். அங்கே விரும்பாதவனுக்கு இக்காட்சி இன்னொரு கொலை, அவ்வளவே.

அந்தப் பெண்ணிடம் இக்காட்சியைப் பற்றிக் கேட்டோம். அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். இதற்கு அட்டை இல்லை. தேர்வில் வர வாய்ப்புக் குறைவு என்று வகுப்பில் அதைப் படிக்கவில்லை, கதைச்சுருக்கத்தில் ஒரு வரி வந்தது என்றாள்.