ஐந்தே மாதத்தில் இரண்டு தீர்ப்பு

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். "வருஷம் பூரா எலெக்‌ஷன். எவ்வளவு காசு வீண்! எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர் எல்லாத்தையும் சேர்த்து முடிச்சுட்டா நாடு உருப்படும் சார்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

1980ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? ஜனவரியில் மக்களவைத் தேர்தல். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே மக்கள் 129 இடங்களைக் கொடுத்து அவரை மறுபடி கோட்டையில் உட்காரவைத்தார்கள். டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் என்று நம் ஜனங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அன்று இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால் ஜனவரி அலையிலேயே கோட்டையும் போயிருக்கும்.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்களை ஒன்றாக நடத்த 2024 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதாவைப் பாருங்கள். ஒரு சபை நடுவில் கலைந்தால், அடுத்த தேர்தல் மிச்சக் காலத்துக்கு மட்டும்தானாம். இந்தக் கணக்குப்படி, 1980 மே மாதம் ஜெயித்த எம்.ஜி.ஆருக்குக் கிடைத்திருப்பது 1977 சபையின் மிச்சம், இரண்டு வருஷம் சொச்சம். அது முடிந்ததும் இன்னொரு தேர்தல். செலவு எங்கே குறைந்தது? வீட்டுக்கு வீடு கவரில் வைத்து நீட்டுகிறார்களே, அந்தப் பணம் எந்த அரசுக் கணக்கில் வருகிறது? அதைத் தடுக்க வக்கில்லாமல் வாக்குச்சாவடிச் செலவைப் பேசுகிறோம்.

2024ல் மக்களவைத் தேர்தலையே ஏழு கட்டமாக இழுத்தார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை காத்துக் கிடந்தோம். இதிலே சட்டமன்றத்தையும் சேர்த்து நடத்திவிட்டு, அடுத்த 100 நாளுக்குள் உள்ளாட்சியையும் முடிக்கலாம் என்கிறது, ஒரே நேரத் தேர்தலை ஆராய்ந்த கோவிந்த் குழு.

உள்ளாட்சி என்றதும் வயிறு எரிகிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் அது. ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. அதுவரை தனி அலுவலர்தான் எல்லாம். எங்கள் தெருவில் சாக்கடை பொங்கி வாசல்வரை வந்தபோது, போய்க் கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் இல்லை. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. மாநகராட்சிகளில் ஐந்து வருஷத்துக்கு மேல் அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அதனால் எந்தத் தெரு உருப்பட்டது என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டேன். மோர் வந்துவிட்டது என்றார்.